ஏழாவதில் மறையும் வண்டிகள்

1

நான் லூலியோவுக்கு வந்து சேர்ந்த நாளை எனக்கு நினைவுபடுத்தியது குடிவரவு அலுவலகம். இந்த ஊர் ஸ்வீடனின் வடகோடியில் இருக்கிறது. வரைபடத்தில் விரலை மேலே மேலே நகர்த்திக்கொண்டு போய், இதற்கப்புறம் மனுஷன் இருப்பானா என்று சந்தேகம் வருகிற இடத்தில் நிறுத்தினால் ஏறக்குறைய எங்கள் தெரு. நீ வந்து இத்தனை வருஷம் ஆகிறது, இங்கே இருப்பதற்கான அனுமதி முடியப்போகிறது, வேலை தொடர்கிறது என்று கம்பெனியிடம் எழுதி வாங்கி அனுப்பு என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதாக இருந்தாலும் இவர்கள் 'அன்பான வாழ்த்துகளுடன்' என்று முடித்துவிட்டுத்தான் தள்ளுவார்கள்.

எழுதித் தரவேண்டியவர் இங்கிரிட், எங்கள் பிரிவின் தலைவி. என்னைவிட வயதில் சின்னவர். பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். மேடம் என்று கூப்பிட்டால் தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார். கடிதத்தை நீட்டினேன். படித்துவிட்டு, திருத்தணி முடியட்டும் என்றார்.

ஆமாம், நம் திருத்தணிதான். நெற்றி நிறைய திருநீறும் மொட்டையடித்த தலையுமாக ஜனம் இறங்கிவருகிற அதே மலைதான். அந்த மலைப்பாதை என்னுடைய சோற்றில் எப்படி வந்து விழுந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கம்பெனி ஒரு கறுப்பு வட்டு தயாரிக்கிறது. உள்ளங்கை அகலம். சாலையில் சின்னக் குழி எடுத்து, தரையோடு தரையாகப் பதித்துவிட வேண்டும். வண்டி மேலே போனால் அதன் இரும்பு பூமியின் காந்தத்தைக் கொஞ்சம் கலைக்கும், வட்டு அதை உணர்ந்துகொள்ளும். உணர்ந்ததை ரேடியோவில் அடுத்த வட்டுக்குச் சொல்லும், அது அதற்கடுத்ததற்கு. கட்டட வேலையில் வரிசையாக நின்று செங்கல் கைமாற்றுவார்களே, அந்த மாதிரி. கடைசியில் அடிவாரத்தில் ஒரு பெட்டி எல்லாவற்றையும் வாங்கி லூலியோவுக்கு அனுப்பிவிடும். கேமரா கிடையாது. ஒவ்வொரு வண்டிக்கும் இரும்பில் ஒரு சாயல் உண்டு, அதை வைத்தே ஆறாவது வட்டில் பார்த்த ஆட்டோதான் எட்டாவதிலும் போகிறது என்று பிடித்துவிடலாம். மலைப்பாதையில் எந்த வண்டி எங்கே மாட்டிக்கொண்டது என்று கீழே இருப்பவர்களுக்கு உடனே தெரியும்.

லூலியோவில் சோதித்தபோது எல்லாம் சமர்த்தாக நடந்தது. இங்கே வண்டிகள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் போகும். ஆனால் வட்டுகளை வாங்க வந்தவர்கள் புத்திசாலிகள். ஒழுங்கான சாலையில் எது வேண்டுமானாலும் வேலை செய்யும், ஒழுங்கில்லாத சாலையில் காட்டு என்றார்கள். அறையில் எல்லோரும் மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் கையைத் தூக்கினேன். எங்கள் ஊரில் ஒரு மலைப்பாதை இருக்கிறது என்றேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன!

சோதனை தேறினால் பெரிய ஒப்பந்தம், எங்கள் பிரிவு நிலைக்கும், என் வேலையும் நிலைக்கும், அனுமதியும் கிடைக்கும். தேறாவிட்டால் பிரிவை மூடிவிடுவார்கள், நாங்கள் பெட்டி கட்ட வேண்டியதுதான். திருத்தணியில் வட்டுகளைப் பதித்த கொஞ்ச நாளிலேயே தேறாது போலிருந்தது. ஆறாவது வட்டில் தெரிகிற வண்டி எட்டாவதில் தெரியவில்லை. நடுவில் ஏழாவதில் மறைந்துவிடுகிறது.

2

வட்டுகளைப் பதிக்க நான்தான் போனேன். அனுமதிக்காக மூன்று அலுவலகம் ஏறி இறங்கினேன். முதல் இடத்தில் இதில் கேமரா இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றதும், கேமரா இல்லாமல் எதற்கு இது என்று ஏமாற்றமாகப் பார்த்தார்கள். இரண்டாவது இடத்திலும் அதே கேள்வி. இல்லை என்றதும், நல்லவேளை, இருந்தால் விட்டிருக்க மாட்டோம் என்றார்கள். மூன்றாவது இடத்தில் ஒரு சங்கடம் நடந்தது. லூலியோப் பக்கத்து ஜனங்கள் ஆமாம் என்பதற்கு வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார்கள், 'ஷுப்' என்று மூச்சை உள்ளே இழுப்பார்கள். வந்த புதிதில் நான் ஏதோ அபசகுனமாகப் பேசிவிட்டதாக நினைத்துப் பதறியிருக்கிறேன். இப்போது அந்தப் பழக்கம் எனக்கே ஒட்டிக்கொண்டுவிட்டது. வெளிநாட்டுக் கம்பெனியா என்று குமாஸ்தா கேட்க, நான் மூச்சை இழுத்தேன். அவர் எழுந்து வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டி, "இன்னா சார், படி ஏறினது மூச்சு வாங்குதா? உக்காருங்க," என்றார். கையெழுத்து உடனே கிடைத்தது.

இந்த அலைச்சலுக்கெல்லாம் என்னை ஏற்றிக்கொண்டு அலைந்தவர் பாவா. கஸ்தூரி அக்காவின் வீட்டுக்காரர், பெயர் முனிரத்தினம். எங்கள் பக்கம் தெலுங்கும் தமிழும் ஒரே வீட்டில் படுத்துத் தூங்கும். அப்பா எங்களுக்கு நைனா, அக்கா புருஷன் பாவா. அவருக்கு நான் மச்சான். பேருந்து நிலையத்திலிருந்து மலைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். காலையில் மலையேறும் முதல் ஆட்டோ அவருடையது என்பதில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு. அடுத்த ஆட்டோக்காரர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, நம்ம மச்சான், ரோட்டுக்கு உயிர் குடுக்க வந்துகீறாரு என்று சொல்லிவைத்திருந்தார். எனக்குக் கூச்சமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது.

குழியெடுத்துப் பதிக்கிற வேலையை உள்ளூர் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் செய்தார்கள். ஆரம்பிக்கும் முன் மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, கற்பூரம் காட்டினார்கள். அது இல்லாமல் நம்மூரில் எவன் கடப்பாரையைத் தொடுவான்? பாவா சாலை ஓரத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இது ஒழுங்காக வேலை செய்தால் என்ன ஆகும் என்று கேட்டார். அங்கேயே இருப்பேன், வேலை நிரந்தரம் மாதிரிதான் என்றேன். செய்யாவிட்டால் என்றார். செய்யாவிட்டால் கம்பெனி என்னை அனுப்பிவிடும், குடும்பத்தோடு இங்கே வந்து இறங்க வேண்டியதுதான் என்று சிரித்தேன். பாவா சிரிக்கவில்லை. "ஆங்," என்று மட்டும் சொன்னார்.

3

எங்கள் குடியிருப்பில் துணி துவைக்கக் கீழ்த்தளத்தில் ஒரு பொது அறை. முன்கூட்டியே நேரம் பதிவு செய்துகொள்ள வேண்டும். உங்கள் நேரம் முடிந்தும் துணியை எடுக்காவிட்டால் அடுத்த வீட்டுக்காரர் சண்டை போட மாட்டார், கதவில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டுப் போவார். அந்தச் சீட்டுக்கு ஊரிலுள்ள எல்லாத் தண்ணீர்க் குழாய்ச் சண்டையும் தேவலாம். அந்த அறையில் இயந்திரங்கள் சுற்றுவதைக் கேட்டுக்கொண்டு, போனில் திருத்தணி மலைப்பாதையைப் பார்த்துக்கொண்டிருப்பது என் வழக்கமாகிவிட்டது. பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக வளைவேறும். ஏழாவது வந்ததும் சில புள்ளிகள் நிற்கும், அப்புறம் காணாமல் போகும்.

இங்கிரிட் தினமும் ஒரு காரணம் கண்டுபிடித்தார். பேட்டரி என்றார், பாறை ரேடியோவை மறைக்கிறது என்றார், ஒருநாள் குரங்கு என்றார். அது நல்ல ஊகம்தான், நம் மலைக் குரங்குகளை அவருக்குத் தெரியாது. கணக்கைப் பிரித்துப் பார்த்ததில் ஒன்று மட்டும் புரிந்தது. ஏழாவது வட்டின் மேல் வண்டிகள் வந்து நிற்கின்றன. ஓடுகிற வண்டியைப் பார்க்கத்தான் அந்த வட்டு செய்யப்பட்டது. ஒரு வண்டி அப்படியே மேலே நின்றுவிட்டால், இரும்பு இருப்பதே வழக்கம்போலிருக்கிறது என்று அது பழகிக்கொள்ளும். வண்டி நகர்ந்த பிறகு வெறும் சாலையைப் பார்த்துத் தடுமாறும். பின்னால் வருகிற நாலைந்து வண்டிகளையும் தவறவிடும், மேலேயிருந்து எட்டாவது சொல்வதையும் கீழே கைமாற்றாமல் விட்டுவிடும்.

ஆனால் வண்டிகள் ஏன் அங்கே நிற்கின்றன? அந்த வளைவில் கடையில்லை, தண்ணீரில்லை, நிழல்கூட ஒரு வேப்பமரத்துக்கு மட்டும்தான். நீ அந்த ஊர்க்காரன், உனக்குத் தெரிந்திருக்க வேண்டுமே என்று இங்கிரிட் கேட்டார். கேட்டதில் தப்பில்லை. கையைத் தூக்கியவன் நான்தானே! தெரியவில்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

ஒப்பந்தக்காரருக்குப் போன் போட்டேன். எல்லாம் நல்லா இருக்குதுங்க சார், தினம் பாக்கறோம் என்றார். போட்டோ அனுப்பச் சொன்னேன். ஏழாவது வட்டு கழுவித் துடைத்தது போலப் பளபளவென்று இருந்தது. மற்ற வட்டுகள் மண்ணும் எண்ணெயுமாக இருக்க, இது மட்டும் எப்படி? நம்மூர் ரோட்டில் ஒரு பொருள் அவ்வளவு சுத்தமாக இருந்தால் அதை யாரோ கழுவுகிறார்கள் என்றுதானே அர்த்தம். இது எனக்கு உடனே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நல்ல பராமரிப்பு என்று இங்கிரிட்டுக்கு எழுதினேன்.

இதற்கு நடுவில் மகள் தாரிணி ஒருநாள் அதே துவைக்கும் அறைக்கு இறங்கி வந்தாள். ஒன்பது வயதில் சிங்கப்பூரிலிருந்து இந்த ஊருக்கு வந்தவள். இப்போது வீட்டில் தமிழில் கேட்டால் ஸ்வீடிஷில் பதில் வரும். அன்றைக்கு அபூர்வமாகத் தமிழில் கேட்டாள். நான் பயந்துபோனேன்.

"உன் டெஸ்ட் ஃபெயில் ஆனா நான் இந்தியா போகணுமா?"

போவது என்ன, திரும்புவதுதானே என்று சமாதானம் சொல்லப் பார்த்தேன். அவள் ஈரத்துணியை உதறிக்கொண்டே, "திரும்பறது நீ, அப்பா. நான் புதுசா போறேன்," என்றாள். அப்புறம் ஸ்வீடிஷுக்கு மாறி, அடுத்த வருஷம் எந்தப் பள்ளியில் சேர விண்ணப்பிப்பது என்று நாளைக்குள் சொல்ல வேண்டும் என்றாள். விண்ணப்பி என்றேன். அப்படி எதை நம்பிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அவள் கேட்ட கேள்விக்கு அது பதிலும் இல்லை.

4

கடைசி வாரச் சோதனைக்கு இங்கிரிட் என்னையே அனுப்பினார். வாங்குகிறவர்கள் கடைசி நாள் பதிவைத்தான் முக்கியமாகப் பார்ப்பார்கள், அதற்குள் ஏழாவதைச் சரிசெய் என்றார். அக்காவுக்கு இந்த வாரம் வருவேன் என்று மட்டும் சொல்லியிருந்தேன், நாள் சொல்லவில்லை. அரக்கோணத்தில் இறங்கி, மின்சார ரயில் பிடித்து, விடிந்தும் விடியாமல் திருத்தணியில் கால் வைத்தேன். பெட்டியை ஒரு லாட்ஜில் போட்டுவிட்டு நேரே மலைப்பாதை வளைவுக்கு நடந்து, வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன்.

முதல் ஆட்டோ வந்தது. பாவாவுடையது. வளைவில் வேகத்தைக் குறைத்து, வட்டு சரியாக வண்டியின் முன்பக்கத்துக்கு அடியில், கைக்கெட்டும்படி வர நிறுத்தினார். இறங்கினார். என்னைக் கவனிக்கவில்லை. பாட்டில் தண்ணீரை ஊற்றி வட்டைக் கழுவினார். தோள் துண்டால் துடைத்தார். மஞ்சள், குங்குமம், நாலு இதழ் சாமந்தி. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, உதடு அசைய, வேண்டினார். சவாரிகளும் இறங்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். யாரும் அவசரப்படவில்லை.

அந்த ஆட்டோ நகர்ந்ததும் அடுத்தது வந்து அதே இடத்தில் நின்றது. அதற்குப் பின்னால் நகரிப் பக்கத்துக் கார் ஒன்று. அப்புறம் ஆர்.கே.பேட்டையிலிருந்து மாலை போட்ட புது டிராக்டர் ஒன்று வந்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியது. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். ஜெர்மனியில் செய்த சில்லு, ஸ்வீடனில் எழுதிய நிரல், இங்கே ரோட்டு நடுவில் குங்குமத்தோடு உட்கார்ந்திருக்கிறது.

டிராக்டரோடு வந்த ஒரு அம்மாள் என்னை அதட்டினார். "ஏம்ப்பா தள்ளி நிக்கற? கும்பிட்டுக்கோ. ஜோதி சாமி. இருட்டுல பச்சையா கண்ணு தொறக்கும்." அது பேட்டரி இருக்கிறது என்று காட்டுகிற விளக்கு அம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. கும்பிட்டுக்கொண்டேன். ஊர்க்காரன் இல்லை என்று நினைத்துவிடுவாரோ என்ற பயம்தான் காரணம்.

பாவா இறங்கி வருகிற வழியில் என்னைப் பார்த்துவிட்டார். ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டார். இது என்ன பாவா என்று வட்டைக் காட்டினேன்.

"உன்னுதுதான் மச்சான். மத்ததெல்லாம் ஆளுங்க வெச்சது. இது ஒண்ணுதான் நீ மண்டி போட்டு உங்கையால வெச்ச. அதான் தினம் முதல் நடையில வேண்டிக்கினு போறேன். நான் நிக்கறதப் பாத்து எல்லாரும் நிக்க ஆரமிச்சிட்டாங்க. அதுக்கு நான் இன்னா பண்றது?"

ஆட்களுக்கு வேலை காட்டிக்கொடுக்க ஒரே ஒரு வட்டை நானே பதித்தேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. என் வேலை நிலைக்க வேண்டும் என்று ஒரு மனுஷர் தினமும் வண்டியை நிறுத்திச் சாமி கும்பிடுகிறார், அந்தக் கும்பிடே என் வேலையைக் கெடுக்கிறது! இதை இவரிடம் எப்படிச் சொல்வது என்று தவித்தேன். சொல்லித்தான் ஆக வேண்டும், மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

5

அக்கா கருவாட்டுக் குழம்பும் களியும் வைத்திருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் பாவாவுக்குப் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். வண்டி மேலே நின்றால் வட்டு குழம்பிவிடும் பாவா, நாலு வண்டி தவறினாலும் சோதனை தேறாது, தேறாவிட்டால் என் வேலை போய்விடும், உங்கள் வேண்டுதல் எனக்கு நல்லது செய்கிற மாதிரி கெடுத்துக்கொண்டிருக்கிறது.

பாவா கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு அக்காவைப் பார்த்தார். இரண்டு பேர் முகத்திலும் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன்.

"அப்ப வேண்டுதல் பலிச்சிகினு இருக்குதுன்னு சொல்லு," என்றார் பாவா.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று கேட்டேன். அக்காதான் சொன்னாள், தட்டை எடுத்துக்கொண்டே, உப்பு போதுமா என்று கேட்கிற குரலில். "நீ வந்துடணும்னு."

எனக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம். என் பிழைப்பில் மண் போட உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று கத்தினேன். தாரிணியின் படிப்பு என்ன ஆகும், இத்தனை வருஷம் குளிரில் நான் பட்டதெல்லாம் எதற்கு, கேட்காமல் கொள்ளாமல் ஒருத்தன் வாழ்க்கையைச் சாமியிடம் எழுதி வைப்பீர்களா என்று என்னென்னவோ சொன்னேன். அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"நீதானடா சொன்ன? சிங்கப்பூர்ல இருந்தப்பவும் சொன்ன, அங்க போயும் சொல்லிகினு இருக்க. ஒவ்வொரு போனுக்கும், இன்னும் ரெண்டு வருஷம் அக்கா, அப்பால வந்துடறேன்னு. நைனா போனப்பகூட அதான் சொன்ன. நாங்களா இட்டுக்கட்டினோம்?"

அது வாஸ்தவம். சொல்லியிருக்கிறேன். சொல்லாத போனே கிடையாது. இதைப் படிக்கிற நீங்கள் ஊரிலிருப்பவரானால், வெளியிலிருக்கும் உங்கள் பிள்ளையோ தம்பியோ இதே வார்த்தையை உங்களிடமும் சொல்லியிருப்பான். போனை வைப்பதற்கு முன்னால் சொல்கிற சொல் அது. சாப்பிட்டாயா என்பது போல, உடம்பைப் பார்த்துக்கொள் என்பது போல. லூலியோவில் நாங்கள் நாலைந்து தமிழ்க் குடும்பம் இருக்கிறோம், நாங்கள் எல்லோருமே சொல்கிறோம். கேட்பவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்வார்கள் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றியதில்லை. பொய்யா அது என்றால் பொய்யும் இல்லை. சொல்லும்போது மெய்யாகத்தான் இருக்கிறது.

அக்கா என்னை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். புதிதாகப் போட்ட ஒரு அறை. சுண்ணாம்பு வாசனை போகவில்லை. வாடகைக்குக் கேட்டவர்களுக்கெல்லாம் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை. அது தாரிணி படிக்க என்றாள். தாரிணி வளர்ந்துவிட்டது அவளுக்குத் தெரியாது. மேஜை சின்னப் பிள்ளை உயரத்துக்குச் செய்திருந்தது. நான் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். என் கோபம் எங்கே போயிற்று என்று தேடினேன். இருந்தது, ஆனால் யார்மேல் என்று தெரியாமல் இருந்தது.

கீழே வந்ததும் பாவா தணிந்த குரலில் பேசினார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

"வரலன்னா வரலன்னு சொல்லிடு மச்சான். தப்பில்ல. நாளையிலிருந்து உன் வேலை நிக்கணும்னு வேண்டிக்கறேன், வண்டியக்கூட தள்ளி நிறுத்திக்கறேன். சாமிக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஆனா இன்னான்னு நீ சொல்லணும். உன் வாயால சொல்லணும். சொல்றவரிக்கும் பழைய வேண்டுதல்தான்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஒரே ஒரு சொல்தானே. லாட்ஜுக்குப் போகிறேன் என்று கிளம்பினேன். அக்கா பெட்டியை இங்கே கொண்டுவா என்றாள். கொண்டுவந்தேன். மாடி அறையில்தான் தங்கினேன்.

6

அந்த வாரம் முழுக்க நான் பாவாவிடம் வானிலை பேசினேன், ஆடிக் கிருத்திகைக் கூட்டம் பேசினேன், ஆந்திரா பஸ் நேரம் பேசினேன். அந்த ஒரு சொல்லை மட்டும் பேசவில்லை. ஒவ்வொரு காலையும் அவர் ஏழாவதில் நின்றார். மற்ற வண்டிகளுக்காக ஒப்பந்தக்காரரின் ஆள் ஒருவரைச் சிவப்புக் கொடியோடு வளைவில் நிறுத்தினேன். வேலை நடக்கிறது, நிற்காதே போ என்று அவர் விரட்ட, ஜனங்கள் ஓடுகிற வண்டியிலிருந்தே கும்பிட்டுக்கொண்டு போனார்கள். பதிவு தேறிக்கொண்டே வந்தது. முதல் நடையில் மட்டும் கறை. கொடிக்காரர் பாவாவை விரட்டவில்லை. அவரும் இந்த ஊர்தானே.

வட்டைப் பெயர்த்துக் கொஞ்சம் மேலே தள்ளிப் பதித்துவிடலாமா என்று யோசித்தேன். ஒப்பந்தக்காரரின் ஆட்கள் கடப்பாரையைத் தொட மறுத்துவிட்டார்கள். குங்குமம் வைத்ததை எப்படிங்க பேக்கறது என்றார்கள். நானே பேர்த்திருக்கலாம். நான் பேர்த்தால் பாவாவும் தள்ளி வந்து நிற்பார் என்று எனக்குத் தெரியும்.

கடைசி நாள். வாங்குகிறவர்கள் லூலியோ அலுவலகத்துக்கே நேரில் வந்து அன்றைய பதிவைப் பார்க்கப்போவதாக இங்கிரிட் சொல்லியிருந்தார். அன்று காலை ஒரு முடிவோடு எழுந்தேன். பாவாவோடு முதல் நடையில் நானும் போவது, வளைவு வருவதற்குள் சொல்லிவிடுவது. வரலை பாவா. இவ்வளவுதான். தாரிணிக்கு அங்கே பள்ளி, எனக்கு அங்கே வேலை, எங்களுக்கு இனி அங்கேதான். படிக்கட்டில் இறங்கும்போதே இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். நன்றாகத்தான் வந்தது.

ஆட்டோவில் பாவாவுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பின்னால் மொட்டை போடப் போகிற ஒரு சித்தூர்க் குடும்பம். அடிவாரம் தாண்டியது. மூன்றாவது வட்டு, நாலாவது. பாவா என்னைக் கேட்கவில்லை, சாலையைப் பார்த்து ஓட்டினார். ஆறாவது தாண்டியதும் வாயைத் திறந்தேன். காற்றுதான் உள்ளே போயிற்று.

பாவா வண்டியை நிறுத்தினார். இறங்கினார், கழுவினார், பொட்டு வைத்தார். பிறகு எப்போதும்போலக் கண்ணை மூடவில்லை. குங்குமம் ஒட்டிய விரலோடு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னான்னு வேண்டிக்கட்டும் மச்சான்? இன்னிக்கு நீ சொல்றதுதான்."

சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் அவர் ஏறி உட்கார்ந்து ஓட்டியிருப்பார், வண்டி அடுத்த நிமிஷம் எட்டாவதைத் தாண்டியிருக்கும், வந்துடறேன் என்று சொன்னாலும் அப்படித்தான். எதையாவது ஒன்றைச் சொன்னால் போதும். சித்தூர்க்காரர் தெலுங்கில் என்ன விஷயம் என்று கேட்டார். அவர் மனைவி அவரை அடக்கினார். பின்னால் வண்டிகள் சேர்ந்து ஹாரன் அடித்தன. கொடிக்காரர் கொடியைத் தாழ்த்திவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். பாவா அவசரப்படுத்தவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் அதைப் பார்த்தார். அதுவும் அவருக்குப் பதிலாகப் படவில்லை போலிருக்கிறது, அப்படியே நின்றார். எவ்வளவு நேரம் நின்றோம் என்று நான் பார்க்கவில்லை.

மத்தியானம் இங்கிரிட்டிடமிருந்து செய்தி வந்தது. வாங்குகிறவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரே ஒரு கேள்விதான், உடனே பதில் வேண்டும் என்று எழுதியிருந்தார். இன்று காலை முதலில் ஏறிய ஆட்டோ ஏழாவதில் வந்து நின்றிருக்கிறது. இத்தனை நாளில் எந்த வண்டியும் அவ்வளவு நேரம் நின்றதில்லை. அதற்குப் பிறகு அதைக் காணவில்லை. அது மேலே போயிற்றா, திரும்பி இறங்கிவிட்டதா?

அந்த வண்டியில் உட்கார்ந்திருந்தவன் நான். வண்டி அப்புறம் மலையேறித்தான் போயிற்று, நான் எந்தப் பக்கம் போகிறவன் என்றுதான் எனக்கும் தெரியவில்லை.